தீயில் காயும் தம்போர்: மொண்டேவீடியோ நாட்குறிப்பு

ஞாயிறு

தெருவின் நடுவில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், உடைந்த பழப்பெட்டிப் பலகை. அதைச் சுற்றி அரைவட்டமாக இருபது, இருபத்தைந்து முரசுகள் தோல் முகத்தை நெருப்புக்குக் காட்டிப் படுத்திருந்தன. வயதான ஒருவர் குனிந்து ஒரு தோலை விரலால் சுண்டினார், காது கொடுத்தார், போதாது என்று இன்னும் ஒரு சாண் நெருப்புப் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

பறை காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வைக்கோலைக் கொளுத்தி, தோல் முறுகி ஓசை ஏறும்வரை பொறுமையாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். அந்தப் பொறுமையை உருகுவேயின் தலைநகரில், அட்லாண்டிக் பக்கத்து ஊர் ஒன்றில், பலெர்மோ என்ற பேட்டையின் தெருமுனையில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. இதற்கு இவர்கள் சொல்லும் சொல் 'தெம்ப்லார்'. பதப்படுத்துவது, சுருதி கூட்டுவது, இரண்டையும் அந்த ஒரு சொல்லே சுமக்கிறது.

முரசின் பெயர் தம்போர். பீப்பாய் மாதிரி, மெல்லிய மரப்பலகைகளை வளைத்துச் சேர்த்த உடல். மேலே மட்டும் தோல், அடி திறந்தே இருக்கும். தோளில் வார் போட்டுத் தொங்கவிட்டு, ஒரு கையில் குச்சி, இன்னொரு கை வெறுங்கை. இப்போது பல தம்போர்களில் இரும்புத் திருகு வைத்துத் தோலை இழுத்துவிடுகிறார்கள், நெருப்பு வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குழுவில் ஆணியடித்த பழைய தம்போர்கள் நிறைய. திருகு வைத்த தம்போர்காரர்களும் நெருப்பைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். நெருப்பு இல்லாமல் ஊர்வலத்தை எப்படித் தொடங்குவது என்று ஒருவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

மூன்று அளவு உண்டு. சீகோ சிறியது, உச்சக் குரல். ரெப்பிக்கே நடுத்தரம். பியானோ பெரியது, அடித்தளம் அதுதான் (நாம் அறிந்த பியானோவுக்கும் இதற்கும் பெயர் ஒன்று, அவ்வளவே). மூன்றும் சேர்ந்தால்தான் கண்டோம்பே, இங்குள்ள ஆப்பிரிக்க வழியினரின் முரசிசை. ஒன்று குறைந்தாலும் அது கண்டோம்பே ஆகாது. எல்லாம் சேர்ந்த அணிக்குக் குவேர்தா என்று பெயர். ஆட்டக்காரர்கள், கொடிக்காரர்களோடு சேர்ந்த முழுக் குழு கொம்பார்சா.

இருட்டத் தொடங்கியதும் வரிசை கட்டினார்கள். முதலில் யாரும் தோலைத் தொடவில்லை. குச்சியால் மர உடம்பை மட்டும் தட்டினார்கள்: மூன்று தட்டு, சிறிய இடைவெளி, இரண்டு தட்டு. 'மதேரா', அதாவது மரம். பத்து முறையாவது அது சுழன்றிருக்கும். பிறகு ஒரே கணத்தில் எல்லாக் கைகளும் தோலில் இறங்கின. நெஞ்சுக்கூட்டில் விழுந்தது அந்தச் சத்தம். சிறு அடிவைத்துத் தெருவில் நகர்ந்தார்கள். அக்கம்பக்கத்தார் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்ற இலைத் தேநீர். சிலர் எழுந்து பின்னால் நடந்தார்கள். நானும் நடந்தேன்.

கார்னிவல் திருவிழாக் காலம் என்பதால்தான் இது என்று நினைத்துக் கேட்டேன். இல்லையாம். ஞாயிறுதோறும் நடப்பதாம், குளிர்காலத்திலும்.

திங்கள்

காலையில் தனியாக பார்ரியோ சுர் வரை நடந்தேன். பலெர்மோவுக்கு ஒட்டிய பேட்டை. இரண்டுக்கும் தெற்கே ஆற்றங்கரைச் சாலை. ஆறு என்கிறார்கள், பார்த்தால் கடல்.

தேடிப் போனது இல்லாத ஒரு வீட்டை. குவாரெயிம் தெரு, 1080ஆம் எண். தெருவின் பெயரும் இப்போது மாறி, செல்மார் மிச்செலினி ஆகிவிட்டது. 1885-ல் கட்டிய அந்தக் குடியிருப்புக்கு 'மெதியோமுந்தோ' என்று பெயர், பாதி உலகம். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்காக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். நம் ஊர் ஒண்டிக்குடித்தனம் மாதிரி. இங்கே 'கொன்வெந்திஷோ' என்பார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பேரப் பிள்ளைகளும், கப்பலேறி வந்த ஏழை ஐரோப்பியர்களும் ஒரே முற்றத்தில் துணி காயப்போட்டு வாழ்ந்தார்கள். கார்லோஸ் பாயெஸ் விலாரோ என்ற ஓவியர் அங்கேயே ஓர் அறையில் இருந்து அந்த முற்றத்தையும் தம்போர்களையும் வரைந்தார்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொண்டேவீடியோ அடிமைக் கப்பல்கள் வந்திறங்கும் துறைமுகம். ஆப்பிரிக்காவின் வெவ்வேறு பகுதியிலிருந்து வந்தவர்கள் தங்கள் தங்கள் 'நாடு' என்று கூடினார்கள், தங்களுக்கு ராஜா ராணி வைத்துக்கொண்டார்கள், ஜனவரி 6 அன்று, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் கறுப்பரான பல்தசாரின் பெயரால் முரசு கொட்டினார்கள். அந்த நாளில் இன்றும் இந்தத் தெருக்களில் தம்போர்கள் நடக்கின்றன. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் இங்கே உள்நாட்டுப் போரின் நடுவே வந்தது, ஒரு தரப்பு 1842-லும் எதிர்த்தரப்பு 1846-லும் கொண்டுவந்தன. சட்டம் வந்தபின் போய்ச் சேர்ந்த இடம்தான் இந்த ஒற்றை அறைகள்.

மெதியோமுந்தோவிலிருந்து ஒரு குவேர்தா புறப்படும். பலெர்மோவில் அன்சினா தெருக் குடியிருப்புகளிலிருந்து இன்னொன்று. ஒன்று கொட்டினால் மற்றது கேட்டுப் பதில் கொட்டும், எதிர்கொண்டு வரும். அழைப்பு. 'யமாதா' என்று எழுதி, உருகுவேக்காரர்கள் 'ஷமாதா' என்று சொல்லும் சொல்லுக்கு அதுதான் பொருள். குவாரெயிம் கொட்டு வேறு, அன்சினா கொட்டு வேறு, கோர்தோன் பேட்டையின் காபோத்தோ கொட்டு வேறு. மூன்றையும் தாய்க்கொட்டுகள் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்களாம்.

1973 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. இடிந்து விழும் ஆபத்து என்று காரணம் சொல்லி 1978 டிசம்பரில் மெதியோமுந்தோவைக் காலி செய்ய வைத்து இடித்தார்கள். அன்சினாவுக்கும் அதே கதி. குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்குச் சிதறின. டிசம்பர் 3 அன்று அந்த முற்றத்தில் கடைசியாகத் தம்போர் ஒலித்தது. 2006-ல் போட்ட சட்டப்படி அதே டிசம்பர் 3தான் இப்போது கண்டோம்பேயின் தேசிய நாள்.

அந்த எண்ணுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். குடிசைகளைப் பெயர்த்து ஊருக்கு வெளியே இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பாத்திரம் பண்டத்தோடு லாரி ஏறும்போது அந்தத் தெருவின் கானாவும் சாவுக்கொட்டும் எங்கே போய் இறங்குகின்றன என்று நான் யோசித்ததில்லை. இங்கே சிதறியவர்கள் போன போன இடத்திலெல்லாம் நெருப்பு மூட்டினார்கள். முன்பு இரண்டு மூன்று பேட்டையில் இருந்த கண்டோம்பே இன்று நகரம் முழுக்க இருக்கிறது. இடித்தது நல்லதாய்ப் போயிற்று என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். வீடு போனது போனதுதான்.

செவ்வாய்

மழை. ஒத்திகை இல்லை. ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும், எவ்வளவு காய்ச்சினாலும் நிற்காது. மழை நாளில் இங்கே வீட்டுக்கு வீடு 'தோர்த்தா ஃப்ரீத்தா' சுடுகிறார்கள். கோதுமை மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்தது, நடுவில் ஓர் ஓட்டை. நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். ஆறு சாப்பிட்டேன்.

புதன்

இன்று எனக்குப் பாடம் நடந்தது.

குவேர்தாவை நடத்துபவர், நெருப்பருகே தோலைச் சுண்டிப் பார்த்தவர், அறுபதைத் தாண்டியவர். என் கையில் ஒரு சீகோவைக் கொடுத்தார். ஒரே சொற்கட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை மாற்றமே கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பார்களோ என்று சாதாரணமாக நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிட்டது. சீகோவின் அழுத்தமான அடி தாளத்தின் தட்டில் விழாது, அதற்கு அடுத்து விழும். நம் எடுப்பில் தள்ளி எடுப்பது போல. காது அந்த அழுத்தத்தைத் தட்டு என்று நினைத்துக்கொள்கிறது, கால் அதன் பின்னால் போகிறது, நடை பிசகுகிறது. கால் ஓரிடத்தில், கை ஓரிடத்தில், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போக வேண்டும். அதையும் மாற்றமில்லாமல் ஒரு மணி நேரம். சீகோ நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்றார் அவர். புகழ் ரெப்பிக்கேவுக்கு, பாடு சீகோவுக்கு.

பியானோக்கள் தரையைப் போடுகின்றன. தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் செய்கின்றன, ஒரு வரிசை கேட்க அடுத்த வரிசை பதில் சொல்லும். ரெப்பிக்கே அவற்றின் மேலே ஏறிப் புதிது புதிதாய்ச் சொல்லும். வேகம் ஏற வேண்டுமென்றால் குவேர்தா முழுவதையும் அதுதான் தூக்கும். இடையிடையே மரத்துக்குத் திரும்பி மதேரா தட்டி, எங்கே இருக்கிறோம் என்று எல்லோருக்கும் நினைவூட்டும். இந்தக் கொட்டை வாயால் சொல்ல இவர்களிடமும் சொற்கட்டு இருக்கிறது: போரோகொத்தோ, போரோகொத்தோ, சாஸ் சாஸ். தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

அவர் கையைப் பார்த்தேன். வெறுங்கை விரல்களில் ஒட்டுப்பட்டி சுற்றியிருந்தார். தவில்காரர்களின் விரல் கூடு ஞாபகம் வந்தது. பட்டி சுற்றினாலும் தோல் கிழியும், தம்போர்த் தோலில் ரத்தம் தெறிக்கும். பழைய தம்போர்கள் பலவற்றில் அந்தப் பழுப்புக் கறை இருக்கிறது. யாரும் துடைப்பதில்லை.

பின்கட்டில் நான்கைந்து பெண்கள் ஜிகினா தைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் 'மாமா வியேஹா'வாக ஆடுபவர். பெயரில் மாமா என்று இருந்தாலும் பொருள் அம்மா, மூத்த அம்மா. அகலப் பாவாடை, கையில் விசிறி, குடை. அவருக்கு ஜோடி 'கிரமிஷேரோ', மூலிகை வைத்தியர். உயரத் தொப்பி, வால்கோட்டு, வெள்ளைத் தாடி, கைத்தடி, மூலிகைப் பெட்டி. கை கால் நடுங்க நடுங்க ஆடுவார். அந்த நடுக்கம்தான் ஆட்டமே. மூன்றாமவர் 'எஸ்கோபேரோ', சின்னத் துடைப்பம் ஒன்றை விரலிலும் தோளிலும் காற்றிலும் சுழற்றுபவர். பழைய ராஜா ராணிச் சபைகளின் நினைவு இவர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இறகுக் கிரீடத்தோடு 'வெதெத்' ஆட்டக்காரிகள் சேர்ந்தார்கள். மார்த்தா குலார்த்தே, ரோசா லூனா என்ற இரண்டு பெயர்களைச் சொல்லும்போது பின்கட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஊசியை நிறுத்தினார்கள்.

ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது, கேட்டுவிட்டேன். திருவிழாப் போட்டியில் இந்தக் குழுக்களின் வகைப் பெயர் 'நெக்ரோஸ் இ லுபோலோஸ்'. லுபோலோ என்றால் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக வேடமிட்ட வெள்ளையர். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம், பெயர் இன்னும் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பில் தங்களை ஆப்பிரிக்க வழியினர் என்று சொன்னவர்கள் நாட்டில் 8 சதவீதத்தினர். குவேர்தாக்களில் வெள்ளைக் கைகளும் நிறைய. இது எப்படி இருக்கிறது உங்களுக்கு?

மாமா வியேஹா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "என் நாத்தனார் வெள்ளைக்காரி. முப்பது வருஷமாகப் பியானோ கொட்டுகிறாள், ஒரு நாளும் முகத்தில் பூசியதில்லை. பூசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் அம்மாவுக்கும் பிடிக்காது. சின்ன வயதில் அவளைத் தெருவில் கேலி செய்தவர்களே திருவிழா வந்தால் கரி பூசிக்கொண்டு வருவார்களாம்." பிறகு மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தைக்கத் தொடங்கினார்.

சாவுக்குப் பறை வேண்டும், அடிப்பவரை மட்டும் திண்ணைக்கு அப்பால் நிறுத்த வேண்டும் என்று இருந்த ஊரிலிருந்து வந்தவன். எனக்கு அவர் சொன்னதில் விளங்காதது எதுவுமில்லை.

வியாழன்

ஷமாதாஸ் ஊர்வலத்தின் முதல் இரவு. 1956-லிருந்து நகராட்சி நடத்தும் ஊர்வலம். இரண்டு இரவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள். முந்தைய ஆண்டே தேர்வு வைத்துப் பொறுக்குகிறார்கள். நடுவர் குழு, மதிப்பெண், பரிசு எல்லாம் உண்டு. இடம் இஸ்லா தெ ஃபுளோரெஸ் தெரு, பார்ரியோ சுரிலிருந்து பலெர்மோவுக்குள் போவது. நீளமான, ஒடுங்கிய, பழைய வீடுகள் நெருக்கியடித்த தெரு. அகலச் சாலைக்குக் கொண்டுபோனால் சத்தம் கலைந்துவிடும். இங்கே சுவர்கள் திருப்பி அடிக்கின்றன. மாடியையும் பலகணியையும் காசுக்கு விடுகிறார்கள், நடைபாதையில் இறைச்சி சுடுகிறார்கள், குழந்தைகள் தோளில்.

முதலில் குழுவின் பெயர்ச்சீலை, பிறகு கொடிகள். ஒரு ஆள் தாங்குவதே கடினமான பெரிய கொடி. அதைக் கூட்டத்தின் தலைக்கு மேல் தாழ்த்தி வீசுவார்கள், துணி நம் முகத்தைத் தடவிப் போகும். தடவட்டும் என்று எல்லோரும் கை நீட்டுகிறார்கள். கம்பத்தின் உச்சியில் பிறைகளும் நட்சத்திரங்களும். ஆட்டக்காரிகள், மூன்று வேடங்கள், கடைசியில் குவேர்தா. கண்ணுக்கு எவ்வளவோ வந்து போனபின் கடைசியில்தான் முரசு வருகிறது, ஆனால் அது வரும் முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

பதினோரு குழுக்கள் வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

வெள்ளி

எங்கள் குழுவின் இரவு. 'எங்கள்' என்று எழுதக் கை கூசவில்லை. எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள்: குவேர்தாவின் ஓரமாக நடந்து தண்ணீர் கொடுப்பது, அறுந்த வாரை மாற்ற ஆள் வந்தால் வழி விடுவது.

வரிசை முறை வரும்வரை பக்கத் தெருவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு. அங்கேயும் நெருப்பு. முகத்தில் சாயம், காலில் வெள்ளைக் கயிறு கட்டிய பாதணி, தோளில் பளபளக்கும் மேலாடை, அந்தக் கோலத்தில் அறுபது பேர் நெருப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். தந்தையும் மகளும் அடுத்தடுத்து. மகள் ரெப்பிக்கே கொட்டுகிறாள். முன்பெல்லாம் பெண்கள் ஆடத்தான் வருவார்கள், தோலைத் தொடமாட்டார்கள். இப்போது பலெர்மோவில் 'லா மெலாசா' என்று பெண்கள் மட்டுமே கொட்டும் குவேர்தாவே இருக்கிறது. தந்தை அவள் விரல்களுக்குப் பட்டி சுற்றிவிட்டார். ஒவ்வொரு விரலாக, இரண்டு சுற்று, பல்லால் கடித்து அறுத்து.

பிறகு தெரு. அதைப் பற்றி எழுத முடியுமா என்று ராத்திரியிலிருந்து யோசிக்கிறேன். வெளியே நின்று கேட்டது வேறு, பியானோ வரிசைக்கு ஒரு முழத் தூரத்தில் நடந்தது வேறு. பாட்டிலில் தண்ணீர் அதிர்ந்தது. சீகோக்காரர் ஒருவர் கண்ணை மூடியபடியே நடந்தார், நான் பாட்டிலை அவர் வாயில் வைத்துச் சாய்த்தேன், கை ஒரு அடியையும் விடவில்லை. நடுவில் ஓரிடத்தில் மாமா வியேஹா திரும்பிப் பின்னோக்கி நடந்து, விசிறியை மார்பில் வைத்துக்கொண்டு, குவேர்தாவுக்கு நேரே நின்று ஆடினார். நேற்று முன்தினம் மூட்டுவலி என்று காலை நீட்டித் தைத்தவர்.

தெருவின் முடிவில் கொட்டு ஒரே வெட்டில் நின்றது. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மகளின் பட்டி முழுவதும் சிவப்பு. தந்தை அதைப் பிரித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார், என் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர்.

சனி

தூக்கம். மதியம் துறைமுகச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் திருவிழா அருங்காட்சியகம். பழைய உடைகளும் முகமூடிகளும் நன்றாக வைத்திருக்கிறார்கள். 2009-ல் யுனெஸ்கோ கண்டோம்பேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகச் சேர்த்தபோது முரசைத் தனியாகச் சொல்லவில்லை, அது வாழும் தெருவையும் சமூகத்தையும் சேர்த்தே சொன்னது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தம்போரின் தோல் தொய்ந்திருந்ததாகத் தோன்றியது. தொட்டுப் பார்க்க முடியாது.

ஞாயிறு

நாளைக் காலை விமானம். ஊர்வலப் போட்டியின் பரிசு முடிவு வந்துவிட்டது. எங்கள் குழுவுக்கு எதுவும் இல்லை. இரண்டு பேர் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினார்கள். பிறகு ஒருவர் அட்டைப்பெட்டியைக் கிழிக்கத் தொடங்கினார்.

அதே தெருமுனை, அதே நெருப்பு. போன ஞாயிறைவிட ஆள் குறைவு, பதினாறு தம்போர்கள்தான். சாயமில்லை, ஜிகினாவில்லை, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும். நடுத்தெருவில் கிடந்த வெள்ளிக்கிழமைக் குப்பையை ஒரு பாட்டி தன் வாசல்வரை கூட்டி முடித்துவிட்டு நாற்காலியைப் போட்டார்.

குவேர்தாத் தலைவர் ஒரு சீகோவை என் தோளில் மாட்டினார். இரண்டு தெரு தூரம் கொட்டினேன். முதல் தெருவில் கால் பிசகியது, பக்கத்தில் பத்து வயதுப் பையன் தன் காலை என் காலோடு ஒட்டி வைத்து நடந்தான். அவன் அடி வைக்கும்போது நானும் வைத்தேன். கையை மறந்தேன். எந்த இடத்தில் அது சரியாக விழுந்தது என்று தெரியாது, விழுந்தது. இரண்டாம் தெருவில் என் தோல் தொய்ந்துவிட்டதாகப் பையன் சொல்ல, தம்போரைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூலையில் ஓய்வுக்கு நின்றார்கள். வெட்டு விழுந்த பிறகு வரும் அந்த அமைதியில், மேற்கே எங்கோ, பார்ரியோ சுர் பக்கமிருந்து, மிக மெல்லியதாக மரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. பேச்சு நின்றது. தலைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், நெருப்பருகே தோலுக்குக் காது கொடுத்த அதே சாய்வு. "குவாரெயிம்," என்றார். ரெப்பிக்கே வைத்திருந்த மகளைப் பார்த்தார். அவள் புதுப் பட்டி சுற்றிய கையில் குச்சியை எடுத்தாள்.